தலையசைத்தது யாருக்கு

திருப்பூர்
9 செப்டம்பர் 2024

ஜான்சிக்கு,

எழில் எழுதுவது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்னதை மறந்திருக்கமாட்டாய். போனில் பேசினால் இன்றைக்கு ஒன்று சொல்வாய், நாளைக்கு அப்படிச் சொல்லவே இல்லை என்பாய். அதனால் இனி நமக்குள் எதுவானாலும் எழுத்தில்தான். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன்.

நடந்ததை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. ஆகஸ்ட் இருபதாம் தேதி காலை. என் தம்பி ஜெஃப்ரி மஸ்கட்டில். சிட்லபாக்கம் வீட்டில் நீயும் அப்பாவும் மட்டும். ஜனவரியில் லேசான பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு நினைவு குழம்புகிறது, தனியாக வெளியே விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் வாசல் கதவுக்கு மேலே எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். அதற்காகத்தான் ஜெஃப்ரி ஹாலில் கேமரா வைத்தான். நீ சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பா வெளியே போய்விட்டார். சாப்பிடக் கூப்பிடப் போனபோதுதான் அவர் அறையில் இல்லாதது தெரிந்தது என்றாய். சாயங்காலம் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் படிக்கட்டில் இடுப்பெலும்பு உடைந்து கிடந்தவரை யாரோ ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்.

அன்றைக்கு என்னிடம் நீ சொன்ன வார்த்தை: "நான் பாத்ரூம் போயிருந்தப்ப கெளம்பிப் போயிருப்பாரு அண்ணி."

அடுத்த வாரம் ஜெஃப்ரி கேமராவில் பதிவானதிலிருந்து ஒரு சின்ன வீடியோவை வெட்டி எனக்கு அனுப்பினான். நீ பாத்ரூம் போகவில்லை. மேஜையில்தான் இருக்கிறாய். அப்பா அறையிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார். மேஜைக்கு எதிரே நிற்கிறார். ஏதோ சொல்கிறார். நீ நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறாய். தலையசைக்கிறாய். அவர் வாசல் பக்கம் போகிறார். நீ குனிந்து டைப் அடிக்கிறாய்.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பனியனில் ஊசி முனையளவு கறை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. கண் ஒரு பொருள் மேல் விழுந்தால் அது தெரிந்தே ஆக வேண்டும். தெரியவில்லை என்றால் பார்க்காததுபோல் நடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதற்குப் பதில் எழுது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் விட்டாய்? பாத்ரூம் என்று ஏன் சொன்னாய்? மேல் தாழ்ப்பாளை யார் திறந்தது?

எழில்


சிட்லபாக்கம்
14 செப்டம்பர் 2024

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். மாமாவைத் திங்கட்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. வாக்கர் பிடித்து அறைக்குள் நாலு எட்டு வைக்கிறார். இதைத்தான் முதலில் கேட்பீர்கள் என்று நினைத்தேன், உங்கள் கடிதத்தில் அது இல்லை.

பாத்ரூம் போயிருந்தபோது போயிருப்பார் என்று நான் சொன்னது பொய்யில்லை. அவர் போனதை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் போக வேண்டுமென்றால் நான் அங்கே இல்லாத நேரமாகத்தான் இருக்கும் என்று என் புத்தி எனக்கே சொன்ன காரணம் அது. அதை அப்படியே உங்களிடம் சொன்னேன்.

ஜெஃப்ரி அதே வீடியோவை எனக்கும் அனுப்பினார். அதில் இருப்பது நான்தான். பார்ப்பதும் என் கண்தான். ஆனால் மாமா எதிரே வந்து நின்றார் என்பது எனக்குள் எங்கேயும் இல்லை, அண்ணி. தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்த நேரத்தில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். எங்களுடையது மெடிக்கல் இன்சூரன்ஸ் க்ளெய்ம் பார்க்கும் கம்பெனி, உங்களுக்குத் தெரியும். காதில் ஹெட்செட். ஒரு பெரியவர் லைனில் இருந்தார். ஆபரேஷன் முடிந்த அவர் மனைவியை, அப்ரூவல் வரவில்லை என்று வார்டிலேயே உட்கார வைத்திருந்தார்கள். "அம்மா, அவ பசிக்குதுன்றா, நான் இங்க விட்டுட்டு எப்படிம்மா போறது" என்று அழுதார். இடது ஸ்க்ரீனில் அவர் பாலிசியைத் தேட வேண்டும். வலது ஸ்க்ரீனில் அவர் சொல்வதை டைப் அடிக்க வேண்டும். ஓரத்தில் டீம் லீடரிடமிருந்து ‘சீக்கிரம் முடி’ என்று மெசேஜ் மேல் மெசேஜ். போன் பேச்சு நீண்டால் ஸ்க்ரீனுக்கு மேலே ஒரு கோடு சிவப்பாக மாறும். அந்தப் பெரியவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவர் மனைவி படுத்திருந்த வார்டைக்கூட நான் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையசைத்தது அவருக்கு.

தாழ்ப்பாள் காலையில் பால் வாங்கியதும் போட்டேன். அது நிச்சயம். யார் திறந்தது என்று தெரியவில்லை.

நானும் ஒன்று கேட்க வேண்டும். கேமராவில் நேரடியாகப் பார்க்கும் பாஸ்வேர்டு உங்களிடமும் இருக்கிறது என்று ஜெஃப்ரி இப்போதுதான் சொன்னார். எத்தனை நாளாகப் பார்க்கிறீர்கள்? நான் தலை பின்னுவதையும் தரையில் படுத்துக் கிடப்பதையும் சேர்த்துத்தானா?

ஜான்சி


திருப்பூர்
21 செப்டம்பர் 2024

ஜான்சிக்கு,

மார்ச்சிலிருந்து பார்க்கிறேன். டீ நேரத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று ஒரு தடவை. இன்னும் அடிக்கடி பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

நீ எழுதியதை என் வீட்டுக்காரர் சாலமனிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு பொய் சொல்ற மாதிரி இல்லியே" என்றார். அவர் எல்லோரையும் நம்புகிறவர். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அழுத பெரியவருக்குத் தலையசைத்தாய் என்கிறாய். போனில் இருப்பவருக்கு நீ தலையாட்டுவது தெரியுமா? எதிரே நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். போன வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லமாம். "ஜூலைல உங்க வீட்லேர்ந்து வந்து விசாரிச்சாங்களே மேடம், இப்ப ஒரு பெட் காலியா கீது, அப்பாவ கூட்டினு வர்றீங்களா?" என்றார்கள். தொடர்புக்கு என் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

ஜூலையில் இல்லம் விசாரிக்கிறாய். ஆகஸ்டில் அப்பா உன் கண்ணெதிரே நடந்து வெளியே போகிறார். கிடைத்தது கூடுவாஞ்சேரியில். அங்கிருந்து ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாதா? அவரை அந்தப் பக்கம் அனுப்பியது யார்? இல்லையென்றால், ஒரு தடவை தொலைந்து போனால் ‘இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது’ என்று எல்லோரிடமும் சொல்வதற்கு வசதி என்று நினைத்தாயா?

இதை எழுதக்கூடாதுதான். ஆனாலும் எழுதுகிறேன். இல்லை என்றால் இல்லை என்று எழுது.

எழில்


சிட்லபாக்கம்
26 செப்டம்பர் 2024

அண்ணிக்கு,

இல்லை.

ஜூனில் உங்களுக்கு நான் போன் செய்தது நினைவிருக்கும். மூன்று மாதம் மட்டும் மாமாவை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆபீஸையும் அவரையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை என்று கேட்டேன். "எங்க வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல, சாலமனுக்கும் ஷிப்ட், இப்ப வேணாம் ஜான்சி" என்றீர்கள். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் ஜெஃப்ரி, "சும்மா பாத்துட்டு வாயேன்" என்று சொல்லி அந்த இல்லத்துக்குப் போனேன். கட்டில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒருவர் இருமினால் பக்கத்தில் இருப்பவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். மாமாவின் பிள்ளைகளுடைய நம்பரைக் கேட்டார்கள், உங்கள் இரண்டு பேருடையதையும் கொடுத்தேன். மறைக்க நினைப்பவள் உங்கள் நம்பரையா கொடுப்பாள்?

உங்கள் கடிதத்தை ஜெஃப்ரியிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். பிறகு, "நெஜமாவே நீ பாக்கலியா ஜான்சி?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படி ஒரு குரலில் கேட்டதில்லை. இப்போது தினமும் போன் செய்கிறார், அப்பாவிடம் கொடு என்கிறார், வைத்துவிடுகிறார்.

மாமாவிடம் கேட்டால் ஒரு நாள் பேப்பர் வாங்கப் போனேன் என்கிறார். மறுநாள் ஈ.பி. ஆபீஸுக்கு டூட்டிக்குப் போனேன் என்கிறார். ரிட்டயர் ஆகிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

உங்களைவிட அதிகமாக என்னைச் சந்தேகப்படுவது நான்தான், அண்ணி. பார்த்துவிட்டு மறந்துவிட்டேனா, பார்த்தும் என் மனது வேண்டாமென்று தள்ளிவிட்டதா என்று இரவும் பகலும் அதே யோசனை. ஹெட்செட்டை மாட்டும்போதெல்லாம் பயமாக இருக்கிறது.

ஜான்சி


திருப்பூர்
6 அக்டோபர் 2024

ஜான்சிக்கு,

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆனால் சாலமன் பார்த்துவிட்டார், எழுதாமல் இருக்க முடியாது.

உன் கடிதத்தைப் படித்த பிறகு, நீ சொல்வது பொய் என்று அவருக்குக் காட்ட அந்த வீடியோவை டிவியில் போட்டேன். அதுவரை அவர் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் நின்று, "இப்ப பாருங்க, இப்ப நிமிர்றா, இப்ப பாக்குறா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முடிந்ததும் அவர் கேட்டார்:

"அந்தப் பச்சைப் புடவ யாரு?"

"எந்தப் பச்சைப் புடவ?"

"பின்னால போச்சே ஒரு அம்மா, கைல பாத்திரத்தோட."

எனக்கு எரிச்சல் வந்தது. என்னைச் சமாதானப்படுத்த ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். திரும்பப் போட்டேன். அப்பா உன் எதிரே நிற்கிறார். அதே நேரத்தில் சமையலறைப் பக்கமிருந்து பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் வருகிறாள். உன் நாற்காலிக்குப் பின்னால் நடந்து, ஸ்க்ரீனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய், வாசல் பக்கம் மறைகிறாள். ஓரத்தில் இல்லை, இருட்டில் இல்லை. நட்டநடு ஹாலில்.

முதலில் வேறொரு சந்தேகம்தான் வந்தது. நீயும் ஜெஃப்ரியும் சேர்ந்து புதிதாக ஏதோ செய்து அனுப்பிவிட்டீர்களா என்று. போனில் ஆகஸ்டில் வந்த பழைய மெசேஜைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருக்கிறாள். எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாப்பிடும்போது பார்த்தேன், பஸ்ஸில் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் உன் கண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன். உன் கண் எப்போது நிமிரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒரு முழு ஆள் குறுக்கே நடந்து போனது எனக்குத் தெரியவில்லை.

இதனால் நீ சொன்னதை நம்பிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. யார் அவள்? வீட்டில் நீயும் அப்பாவும் மட்டும் என்று நான் எழுதியபோது நீ ஏன் திருத்தவில்லை?

எழில்


சிட்லபாக்கம்
12 அக்டோபர் 2024

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஆமாம், பச்சைப் புடவை போகிறது. நானும் இத்தனை நாளும் மாமாவையும் என் முகத்தையும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அது மாடியில் குடியிருக்கும் நாகலக்ஷ்மி அக்கா. அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேராகி எங்கள் ஃப்ரிட்ஜில் மாவு வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மத்தியானமே மகள் பிரசவத்துக்காகத் திடீரென்று நெல்லூருக்குக் கிளம்பிவிட்டார்கள், இன்னும் வரவில்லை. மாமா விழுந்தது அவர்களுக்குத் தெரியாது. அதனால் யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. போன் செய்தேன். அவர்கள் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதுகிறேன்.

"நீதானேம்மா வந்து கதவத் தொறந்த. மாவு வெக்கணும்னேன், தலைய ஆட்டிட்டுப் போய் உக்காந்துட்ட. காதுல மாட்டியிருந்த, சரி வேலையா இருக்கேன்னு நான் பேசல. மாவ வெச்சுட்டு, பழைய பாத்திரத்த எடுத்துக்கிட்டு நான் வெளிய வந்தப்ப உன் மாமனாரும் பின்னாலயே வந்தார். எங்க சார் கெளம்பிட்டீங்கன்னு கேட்டேன். பொண்ணப் பாக்கப் போறேன், திருப்பூருக்கு, தாம்பரம் போய் டிக்கெட் எடுக்கணும்னார். தனியாவான்னு கேட்டேன். ஜான்சிகிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டான்னார். நீ அவரப் பாத்துத் தலையாட்டினத நானும் பாத்தேனே. அதான் நான் ஒண்ணும் சொல்லல."

கதவைத் திறந்தது நான், அண்ணி. நானே எழுந்து போய், கையை நீட்டி மேல் தாழ்ப்பாளை எடுத்து, திறந்து, திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். வீடியோ அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா பொய் சொல்கிறார்களோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்தால் கீழ்த் தட்டில், புளித்துப் பொங்கி, மூடி தூக்கிக்கொண்டு அந்த மாவுப் பாத்திரம் இருக்கிறது. அதையும் தினமும் நகர்த்திவிட்டுத்தான் தயிர் எடுத்திருக்கிறேன்.

மாமா சானடோரியம் ஸ்டேஷனில் ஏறியிருக்க வேண்டும். தாம்பரத்தில் இறங்காமல் கூடுவாஞ்சேரி வரை போயிருக்கிறார். நேற்று மெதுவாகக் கேட்டேன். "ஏன் மாமா தாம்பரத்துல எறங்கல?" "ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கினு இருந்தேன், ஊர் தாண்டிப் போச்சு" என்றார்.

இதை ஜெஃப்ரியிடம் இன்னும் சொல்லவில்லை. கதவை நானே திறந்தேன் என்பதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியவில்லை. உங்களிடம் மறைக்கக்கூடாது என்று எழுதிவிட்டேன். வேண்டுமானால் நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.

ஜான்சி


திருப்பூர்
20 அக்டோபர் 2024

ஜான்சி,

ஜெஃப்ரியிடம் பேசிவிட்டேன். உன் பேச்சை நம்பு என்றேன். "நீதானக்கா மொதல்ல சந்தேகப்பட்ட" என்றான். ஆமாம் என்றேன்.

உன் கடிதத்துக்குப் பிறகு கம்பெனியில் ஒரு காரியம் செய்தேன். என்னிடம் இருப்பதிலேயே நல்ல செக்கரைக் கூப்பிட்டு, ஓரத் தையலை மட்டும் பார், எத்தனை இடத்தில் நூல் விட்டிருக்கிறது என்று சொல் என்றேன். அவள் பார்க்கும்போது நான் பக்கத்தில் நின்று அவள் தங்கை கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு கை மட்டும் வேறு நிறத்தில் இருந்த பீஸை நடுவில் வைத்திருந்தேன். அதைத் திருப்பினாள், தடவினாள், மடித்து நல்லதோடு வைத்தாள். காட்டியதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நெசமா பாக்கலீங்க்கா" என்றாள். முன்பெல்லாம் இப்படிச் சொன்ன பெண்களை நான் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. நீ பார்க்கவில்லை, சரி. பார்த்திருந்தால் தடுத்திருப்பாயா? அந்த வாரம் நீ எவ்வளவு களைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். யோசித்து எழுது.

எழில்


சிட்லபாக்கம்
25 அக்டோபர் 2024

அண்ணிக்கு,

யோசிக்கத் தேவையில்லை. இதைத்தான் இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தடுத்திருப்பேன். கோபத்தோடு தடுத்திருப்பேன். லைனில் இருந்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, எங்கே மாமா கிளம்பிவிட்டீர்கள் என்று சத்தம் போட்டிருப்பேன். எழிலைப் பார்க்கப் போகிறேன் என்றிருப்பார். சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்திருப்பார். வேறு வழியில்லாமல் உங்களுக்கு போன் போட்டு அவர் கையில் கொடுத்திருப்பேன். நீங்கள், இப்ப வேணாம்ப்பா, அப்புறம் பாக்கலாம் என்றிருப்பீர்கள். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறைக்குள் போயிருப்பார்.

இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. கேட்டீர்கள், சொன்னேன்.

ஜான்சி


திருப்பூர்
4 நவம்பர் 2024

அன்புள்ள ஜான்சி,

நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதே வார்த்தையில்.

இந்தத் தெருவிலேயே கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டோம். சாலமன் போய் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, வாக்கர் வாசற்படியில் ஏறுமா என்று அளந்து பார்த்து வந்தார். டிசம்பரிலிருந்து அப்பா எங்களிடம் இருக்கட்டும். மூன்று மாதம் என்று நான் கணக்கு வைக்கவில்லை. அவர் எவ்வளவு நாள் இருக்கிறாரோ அவ்வளவு நாள். உனக்கு நிம்மதி என்பதற்காக மட்டும் இல்லை. அவர் என்னைப் பார்க்கத்தான் கிளம்பினார்.

இதை அவரிடம் நீயே படித்துக் காட்டு.

எழில்


சிட்லபாக்கம்
9 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, லாப்டாப்பை மூடிவிட்டு, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கையை நீட்டினார். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். உறையை எடுத்து வரச் சொல்லி அதிலிருந்த தபால் முத்திரையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மாமா பாக்குறீங்க?"

"இது எழில் எழுதினதுதானா?"

"ஆமா மாமா. அவங்க கையெழுத்து உங்களுக்குத் தெரியாதா?"

"நீ எழுதி எடுத்துனு வந்துட்டியோன்னு பாத்தேன்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். "என்ன அனுப்பிடலாம்னு பாக்குறீங்களான்னு தெரியணும் இல்ல."

எனக்குக் கோபம் வரவில்லை, அண்ணி. முன்பு என்றால் சமையலறைக்குப் போய் அழுதிருப்பேன். அந்த நேரத்தில் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். இடது கண்ணோரம் கொஞ்சம் தொங்கியிருக்கிறது. ஷேவ் செய்யும்போது கீழ் உதட்டுக்கு அடியில் ஒரு இடத்தை விட்டுவிட்டிருக்கிறார், அங்கே மட்டும் வெள்ளை முடி நீண்டிருக்கிறது. பயந்துபோய் இருக்கிறார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் எழுந்தபோது, "டிசம்பர்னா எத்தன நாள் கீது?" என்றார். சொன்னேன். "அவளே வருவாளா, இல்ல வண்டி அனுப்புவாளா?" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வண்டி அனுப்ப வேண்டாம், அண்ணி. நீங்களே வாருங்கள். வந்து அவர் எதிரே உட்காருங்கள்.

ஜான்சி